இறந்தவள் மூன்று முறை தட்டினாள்

அத்தியாயம் 4

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு கை அசைந்தது.

முகர்ரம் கருவிப் பையைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றாள். இரண்டு முறை மூச்சு விட்ட பிறகுதான் அது கை இல்லை, சட்டைக்கை என்று புரிந்தது. கருநீல வெல்வெட் அங்கி ஒன்றின் கை. வாஷிங் மெஷினின் வட்டக் கதவில் பாதி உயரத்துக்குச் சாம்பல் நிறத் தண்ணீர் நின்றது. அங்கி அதில் மிதந்தது. அதன் கை கண்ணாடியில் வந்து ஒட்டி, மெல்ல விலகி, மறுபடியும் ஒட்டியது.

அங்கிக்குச் சொந்தக்காரி இனாயத்தம்மாவை மண்ணில் வைத்து இது மூன்றாம் நாள்.

"அண்ணி, கை கொடுக்கறாங்க. மரியாதைக்காவது நீங்களும் கொடுங்க" என்றான் தோல்கின், பின்னாலிருந்து.

"வாயை மூடு. சாவு வீடு."

"மூடிட்டேன். ஆனா அவங்க மூடலையே."

அப்போது மெஷின் தட்டியது.

டொக். டொக். டொக். பிறகு நீண்ட ஒரு முனகல். பிறகு ஒன்றுமில்லை.

வெளியே முற்றத்தில் பெண்களின் பேச்சு சட்டென்று அறுந்தது. யாரோ ஒருத்தி சத்தமாகப் பிரார்த்தனை சொல்ல ஆரம்பித்தாள். மற்றவர்கள் அவசரமாக அதில் சேர்ந்துகொண்டார்கள்.

கோகந்து நகரின் இந்தப் பகுதியில் முகர்ரமைத் தெரியாத வீடு குறைவு. நாற்பத்தெட்டு வயது. வெளிநாட்டில், கசான் நகரத்துச் சலவைக்கூடம் ஒன்றில் ஏழு வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவள். வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்ப்பது தொழில் என்றாலும், ஆட்கள் அவளைத் தேடி வருவது பாதி நேரம் வேறு காரணத்துக்காக. மெஷினின் அடிவயிற்றில் ஒரு வடிகட்டி உண்டு. வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லாத விஷயங்கள் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். போன வசந்தத்தில் ஒற்றைக் காதணியை வைத்து ஒரு நிச்சயதார்த்தத்தைக் காப்பாற்றினாள். கோடையில் ஒரு சினிமா டிக்கெட்டை வைத்து இன்னொன்றை நிறுத்தினாள். இரண்டாவதைப் பற்றி அவளுக்கு இன்னும் சந்தேகம்தான். சரியாகத்தான் பார்த்தோமா என்று அடிக்கடி தன்னையே கேட்டுக்கொள்வாள்.

தோல்கின் அவள் கணவனின் தம்பி. முன்பு பஸ் டிரைவர். இப்போது அவளுடைய சின்ன வெள்ளை வேனுக்கு டிரைவர், மெஷின் தூக்குபவன். வேன் குளிர்காலத்தில் ஸ்டார்ட் ஆகாது. அவன் வாய்க்கு அந்தப் பிரச்னை இல்லை.

"கேட்டீங்களா அக்கா? எங்கம்மா."

வாசற்படியில் மஸ்தூரா நின்றிருந்தாள். இறந்தவளின் மூத்த மகள். நீல அங்கி, இடுப்பில் இறுகக் கட்டிய கச்சை, தலையில் வெள்ளைத் துணி. அழுது அழுது தொண்டை கம்மிப் போயிருந்தது.

"எப்போலேர்ந்து இப்படித் தட்டுது?" முகர்ரம் கேட்டாள்.

"காலையிலேர்ந்து. அம்மா துணிய உள்ள போட்டதிலேர்ந்து. அதுக்கு முன்னாடி இந்த மெஷின் ஒரு தடவைகூடத் தட்டினதில்ல."

"மூணாம் நாள் துணிய முற்றத்துல உட்கார்ந்து கையாலதானே துவைப்பாங்க? மெஷின்ல போட்டது யாரு?"

"நான்தான்."

முகர்ரம் நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாம் நாள் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி, இறந்தவரின் துணிகளைத் துவைத்துத் தானம் கொடுத்துவிட வேண்டும். அது முடியும்வரை அந்த வீட்டில் ஒரு கைக்குட்டை நனைக்கக்கூடாது. முற்றத்தில் தகரத் தொட்டிகளோடு நான்கு பெண்கள் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். அவர்களைச் சும்மா உட்கார வைத்துவிட்டு, பெற்ற மகளே துணியை மெஷினில் போட்டிருக்கிறாள்.

"எல்லாருக்கும் தெரியட்டும்னுதான் போட்டேன்." மஸ்தூராவின் குரல் ஏறியது. "எங்கம்மாவுக்கு ராத்திரி ஏதாவது வேணும்னா கைத்தடியால சுவத்துல போற இரும்புக் குழாயில மூணு தட்டு தட்டுவாங்க. மருமக குல்சனம் ஓடி வரணும். செத்த அன்னிக்கு ராத்திரியும் தட்டு கேட்டுருக்கு. இவளே ஒத்துக்கறா. கேட்டுட்டுப் படுத்தே கிடந்தாளாம். ஏன்டின்னு கேட்டா, மெஷின்தான் தட்டுதுன்னு நெனச்சேங்கறா! சரி, மெஷின் தட்டுதா பார்ப்போம்னு எல்லார் கண்ணு முன்னாடியும் போட்டேன்."

"தட்டுதே" என்றான் தோல்கின். "அப்போ அந்தப் பொண்ணு எங்க பொய் சொல்லுச்சு?"

"இன்னிக்குத் தட்டுது. அன்னிக்குத் தட்டல. இது மெஷின் இல்ல, எங்கம்மா. துணியக் குடுக்க மாட்டேன்னு கதவப் பூட்டிக்கிட்டு நியாயம் கேக்கறாங்க." அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "மத்தியானம் என் தம்பி ஜாயிர் வந்துருவான். நோவோசிபிர்ஸ்க்லேர்ந்து ரெண்டு விமானம் மாறி வர்றான். அம்மா முகத்தக்கூடப் பார்க்கல. வாசல்ல கால் வச்சதும் அவன்கிட்ட சொல்லப் போறேன். அவன் பொண்டாட்டியோட பெட்டி தயாரா இருக்கு. பையன் எங்களோட இருப்பான்."

முற்றத்தின் ஓரத்தில், கேட்டுக்குப் பக்கத்தில், கயிறு கட்டிய ஒரு பெட்டி இருந்தது. வரும்போதே முகர்ரம் அதைப் பார்த்திருந்தாள். யாரோ பயணம் வந்தவர்கள் என்று நினைத்திருந்தாள்.

மணி பதினொன்று. ஒரு மணி நேரம் இருந்தது.

*

"முதல்ல என்ன அண்ணி? மந்திரமா, ஸ்குரூடிரைவரா?"

"முதல்ல பிளக்."

காலையிலிருந்து அதைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. முகர்ரம் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். மெஷினின் பச்சை விளக்கு அணைந்தது. அங்கியின் கை அசைவதும் நின்றது.

"முடிஞ்சுது. இறந்தவங்களுக்கும் கரண்ட் வேணும்போல" என்றான் தோல்கின்.

டொக். டொக்.

தோல்கின் ஒரு அடி பின்வாங்கினான். அவன் முகத்தில் மீசை மட்டும்தான் நிறத்தோடு இருந்தது.

 பிடுங்கிய பிளக் முகர்ரமின் கையில்தான் இருந்தது. அதைத் திரும்ப ஒருமுறை பார்த்துக்கொண்டாள், தான் பிடுங்கியது வேறு எதையோ இல்லையே என்று. மெஷினின் முதுகுப்பக்கம் சுவரை ஒட்டி ஒரு இரும்புக் குழாய் ஓடியது. அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

குழாயைக் கண்ணால் பின்தொடர்ந்து வெளியே வந்தாள். அது சலவை அறையிலிருந்து முற்றத்துச் சுவரோடு போய், ஒரு படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்து, இனாயத்தம்மா படுத்திருந்த பெரிய அறைக்குள் போனது. முற்றத்தின் கோடியில், துவைக்க வந்திருந்த ஒருத்தி குழாயில் தன் வாளியை மாட்டிக்கொண்டிருந்தாள். வாளி காற்றில் ஆடி இடித்தது.

டொக்.

"தோல்கின்! இங்க வந்து கேளு. வாளி அங்க, சத்தம் இங்க."

அவன் வந்தான். பார்த்தான். தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "நான் பயந்தேன்னு நெனச்சீங்களா? உங்களுக்குத் துணையா வெளுத்தேன்."

முகர்ரம் உள்ளே திரும்பி மெஷினின் பின்பக்கத்தைத் தடவினாள். ஒரு மூலை குழாயோடு உரசிக்கொண்டிருந்தது. உரசின இடத்தில் வெள்ளைப் பெயிண்ட் போய்த் தகரம் தெரிந்தது. மெஷின் தட்டினாலும் சத்தம் குழாயில்தான் ஓடும். கிழவி தட்டினாலும் அதே குழாய்தான். நடுவிலிருக்கும் படுக்கையறையில் படுத்திருப்பவளுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

அது யாரையும் காப்பாற்றாது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அந்த ராத்திரி மெஷின் தட்டியதா இல்லையா? கேள்வி அங்கேயேதான் நின்றது.

குல்சனத்தை அந்த நடு அறையில் பார்த்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். நான்கு வயதுப் பையன் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். யாரோ பக்கத்து வீட்டார் கொண்டு வைத்த சூப் ஆறி, மேலே கொழுப்பு உறைந்து கிடந்தது.

"மெஷின் எத்தனை நாளா தட்டுது, பொண்ணு?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும் அக்கா. தண்ணி வெளியேத்தற நேரத்துல மட்டும். மூணு தட்டு, அப்புறம் முனகும். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி."

"அத்தை கூப்பிடறாங்களா, மெஷினான்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

"கண்டுபிடிக்க முடியாது. அதனால முதல்ல ஒவ்வொரு தடவையும் ஓடுவேன். அத்தை சில நாள் தூங்கிட்டு இருப்பாங்க. போய் எழுப்பிவிட்டுட்டேன்னு திட்டு விழும்." அவள் பையனின் நெற்றியைத் துடைத்தாள். "அப்புறம், மெஷின்ல துணி இருக்கற ராத்திரியில ஓடறத நிறுத்திட்டேன்."

"ஏன் நிறுத்தின?"

குல்சனம் தரையைப் பார்த்தாள். பதில் வரவில்லை.  

"அன்னிக்கு மெஷின்ல துணி இருந்துச்சா?"

"பையனோட துணி. சாயங்காலம் போட்டது. விடியக்காலையில எடுத்து உலர்த்திட்டு, அத்தைக்கு டீ எடுத்துட்டுப் போனேன். அப்பதான்…" அவள் முடிக்கவில்லை. "ராத்திரியெல்லாம் தட்டிட்டே இருந்துச்சு அக்கா. நான் தலகாணிய காதுல வச்சு அழுத்திக்கிட்டேன். இப்பவும் கேக்குது. மெஷின் நின்ன பிறகும் கேக்குது."

 முகர்ரம் ஆறின சூப்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

*

தண்ணீர் வெளியேறும் டியூபில் மடிப்பு இல்லை. சாக்கடை வாயில் அடைப்பு இல்லை. முகர்ரம் எதையும் தாண்டிப் போக மாட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகத்தான் பார்ப்பாள். வேகமாகப் பார்த்த ஒரு நாள் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. கசானில் ஒரு மெஷின் நின்றபோது, மோட்டார் எரிந்துவிட்டது, முந்தின ஷிஃப்ட்காரி அதிகமாகத் துணி திணித்ததுதான் காரணம் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணை அன்றே வேலையை விட்டு அனுப்பினார்கள். மறுநாள் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு குழந்தைக் காலுறை மட்டும் இருந்தது.

மஸ்தூரா வந்து கதவருகே நின்றுகொண்டாள். "அவ என்ன சொன்னா? அழுதிருப்பாளே. நல்லா அழுவா. அம்மா செத்த அன்னிக்குக் காலையில வந்து பாருங்க, கொடி நிறைய துணி! சாவு வீட்டுல! வர்றவங்க எல்லாரும் வாயில கை வச்சாங்க. கொடிக்கு அடியில குளம் மாதிரித் தண்ணி. நான் அழுதுட்டே ஓடி வந்து அதுல கால வச்சு, காலணியெல்லாம் நனைஞ்சு போச்சு எனக்கு. அந்த ஈரத்தோடதான் அம்மாவப் பார்த்தேன்."

முகர்ரமின் கை நின்றது. "குளம் மாதிரியா? துணி ஈரமா இருந்துச்சா, சொட்டிச்சா?"

"சொட்டிச்சு! வாய்க்கால்ல விழுந்த ஆடு மாதிரி. இப்ப அது எதுக்கு?"

"சும்மாதான்."

அவள் மெஷினுக்கு முன் மண்டியிட்டு, அடியில் இருந்த சின்ன மூடியைத் திறந்தாள். கைவிரல் தடிமனில் ஒரு ரப்பர் டியூப் இருந்தது. தோல்கின் தட்டையான தட்டு ஒன்றை அதன் அடியில் நீட்டினான். தண்ணீர் வர ஆரம்பித்தது. சாம்பல் நிறம், சோப்பு வாசனை, அதற்கு அடியில் வேறு ஏதோ வாசனை. கற்பூரத் தைலம். வயதானவர்களின் அறை வாசனை.

மஸ்தூரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அந்தத் தண்ணிய சாக்கடையில ஊத்தாதீங்க. மரத்தடியில ஊத்தணும். யாரும் மிதிக்காத இடத்துல."

தோல்கின் பதினொரு தட்டு சுமந்தான். ஒவ்வொரு தட்டையும் மாதுளைச் செடிக்கு அடியில் மெதுவாக ஊற்றினான். பதினொன்றிலும் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்க இறங்க அங்கியும் அமர்ந்துகொண்டே போனது, களைத்தவர்கள் உட்காருவதுபோல.

முகர்ரம் வடிகட்டியைத் திருகி இழுத்தாள்.

அதைச் சுற்றிக் கயிறுபோல முறுக்கிக்கொண்டு ஒரு வெள்ளைத் துணிக்கீற்று வந்தது. விரித்தாள். ஓரம் கத்தரிக்கோலால் வெட்டியது இல்லை, கையால் கிழித்தது.

மஸ்தூரா அதைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "பாருங்க! இது அம்மா அடக்கத்தன்னிக்கு வந்தவங்களுக்கெல்லாம் கிழிச்சுக் குடுத்த துணி! அம்மா போன பிறகுதான் இந்தத் துணியே வீட்டுக்கு வந்துச்சு. அப்போ அடைப்பு அதுக்குப் பிறகுதானே? அன்னிக்கு ராத்திரி மெஷின் நல்லா இருந்துச்சு. தட்டினது அம்மாதான்!" வாசலைப் பார்த்துக் கத்தினாள். "கேட்டியா குல்சனம்? கேட்டியா?"

குல்சனம் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு அறை வாசலில் நின்றிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. தனக்கே அப்படித்தான் தோன்றியது என்பதுபோல ஒரு தலையசைப்பு. முகர்ரமுக்கு அதைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. குற்றம் சாட்டுகிறவளை அந்தப் பெண் நம்ப ஆரம்பித்திருந்தாள்.

"அண்ணி," தோல்கின் மெதுவாகச் சொன்னான், "துணி பேசிடுச்சே. கிளம்பலாமா?"

துணி தெளிவாகத்தான் பேசியது. அதனாலேயே முகர்ரமுக்குப் பிடிக்கவில்லை.

"துணி அடைக்கும்" என்றாள் நிதானமாக. "தட்டாது. துணியால டொக்குன்னு சத்தம் போட முடியுமா?"

தோல்கின் தன் தொப்பியைக் கழற்றி மெஷினில் தட்டிப் பார்த்தான். பொத்தென்று விழுந்தது. "முடியாது."

"டார்ச்சைப் பிடி."

வடிகட்டி இருந்த பொந்துக்குள் கையை விட்டாள். முழங்கைவரை போனது. உள்ளே, மோட்டாரின் சின்னச் சக்கரம் விரலில் பட்டது. சுற்றிப் பார்த்தாள். ஒரு சுற்று, இடித்தது. இன்னொரு சுற்று, இடித்தது. மூன்றாவது சுற்றில் சிக்கி நின்றுவிட்டது.

டொக். டொக். டொக்.

இந்த முறை மூன்று தட்டும் அவள் விரல் நுனியில் நடந்தது.

நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் இடுக்கிபோல வைத்து எதையோ பற்றி இழுத்தாள். உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரில் அலசினாள். ஒரு ஆப்ரிகாட் கொட்டை. உப்பும் சாம்பலும் போட்டு வறுத்து, நுனி வெடிக்க விட்டுத் தின்பார்களே, அது.

"இதுவும் இன்னிக்குத்தான் விழுந்திருக்கும்" என்றாள் மஸ்தூரா. ஆனால் குரலில் முன்பிருந்த வேகம் இல்லை. கொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைய நீட்டுங்க. இந்தப் பக்கத்தத் தடவிப் பாருங்க. இப்ப அந்தப் பக்கம்."

ஒரு பக்கம் கொட்டைக்கே உரிய சொரசொரப்பு. மறுபக்கம் கண்ணாடிபோல வழவழப்பாகத் தேய்ந்திருந்தது.

"ஒரு காலையில இப்படித் தேயாது. சக்கரத்துப் பிளேடுல பள்ளமே விழுந்திருக்கு. ஒரு மாசமாவது உள்ள உருண்டிருக்கணும். ராத்திரி ராத்திரி இதுதான் தட்டியிருக்கு. துணிக்கீற்று இன்னிக்கு வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். உங்களுக்குக் கிழிச்சுக் குடுத்த துணிய எங்க வச்சீங்க?"

மஸ்தூராவின் கை தானாக இடது சட்டைக்கைக்குள் போனது. துழாவியது. வெறுமனே வெளியே வந்தது.

"அம்மா துணிய உள்ள திணிக்கும்போது விழுந்திருக்கும்" என்றாள் முகர்ரம்.

"சரி, எப்பவோ தட்டியிருக்கலாம். அன்னிக்கு ராத்திரி தட்டிச்சுங்கறதுக்கு என்ன ஆதாரம்? யார் சாட்சி?"

"நீங்கதான்."

"நானா?"

"தண்ணி வெளியேறலன்னா மெஷின் துணியப் பிழியாது. பிழியாத துணிதான் சொட்டும். நல்லா ஓடற மெஷின்லேர்ந்து எடுத்த துணி கொடியில ஈரமா இருக்கும், அடியில குளம் கட்டாது. அந்த ராத்திரி கொட்டை மட்டும்தான், துணிக்கீற்று இல்ல; அதனால தண்ணி கொஞ்சம் கொஞ்சமா வடிஞ்சு காலையில கதவு திறந்துச்சு, ஆனா பிழிய முடியாம மெஷின் விடிய விடியத் தட்டிட்டு இருந்துருக்கு. அதோட சாட்சியில நீங்க கால வச்சீங்க. உங்க காலணிதான் நனைஞ்சது."

முற்றத்தில் துவைக்க வந்த பெண்கள் நால்வரும் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "ஆமா, சொட்டத்தான் சொட்டிச்சு" என்றாள். இன்னொருத்தி அவளை இடித்தாள்.

தோல்கினுக்கு உற்சாகம் திரும்பிவிட்டது. "இனி ஒரே ஒரு கைதிதான் பாக்கி. இந்தக் கொட்டைய யார் தின்னது? இனாயத்தம்மாவா?"

"அம்மாவுக்குப் பல்லு ஏது" என்றாள் மஸ்தூரா, அனிச்சையாக. சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என் பையன்தான்."

எல்லோரும் திரும்பினார்கள். குல்சனம் முற்றத்தைக் கடந்து வந்திருந்தாள். "என் பையன்தான் பாக்கெட்டுல போட்டிருப்பான். அவனுக்கு இந்தக் கொட்டைன்னா உயிர்."

முகர்ரம் அவளைப் பார்த்தாள். தோளில் தூங்கும் பையனைப் பார்த்தாள். பெரியவர்கள் கடித்தாலே பல் கூசும் சாமான் அது. நான்கு வயதுப் பிள்ளைக்கு இந்த ஊரில் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

"தோல்கின், வெளிய போய் அவங்களோட நில்லு. கதவைச் சாத்து."

"ஜோக் சொல்லிட்டாவது…"

"சாத்து."

கதவு மூடியது. சலவை அறையில் மூன்று பெண்களும், தண்ணீர் வடிந்த மெஷினும், அதற்குள் கிடந்த அங்கியும் மட்டும்.

"காலையிலேர்ந்து நீ எங்கிட்ட ஒரு பொய்கூடச் சொல்லல குல்சனம்" என்றாள் முகர்ரம். "நீ தப்பிச்சாச்சுன்னு தெரிஞ்ச பிறகு ஏன் முதல் பொய்யச் சொல்ற? யாருக்காக?"

குல்சனம் பையனின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"ஓடறத ஏன் நிறுத்தினன்னு கேட்டேன். அதுக்கும் நீ பதில் சொல்லல. யாரோ உங்கிட்ட ஏதோ சொல்லியிருக்காங்க."

"விட்டுருங்க அக்கா. அவங்க வேணும்னு சொல்லல."

முகர்ரம் கொட்டையை மெஷின் மேல் வைத்தாள். கேட்பது சரியா, இதோடு நிறுத்திக்கொள்வது சரியா என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. வாயைத் திறந்தாள். அதற்கு அவசியம் இருக்கவில்லை.

"என் பசங்க" என்றாள் மஸ்தூரா.

அவள் மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள், ஈரத் தரையிலேயே.

"எங்க வீட்டுக் கூரை பிரிச்சுப் போட்டிருந்தப்ப இங்க வந்து ஒரு வாரம் இருந்தேன். செப்டம்பர் கடைசி. பசங்க துணியெல்லாம் இதுலதான் துவைச்சேன். அவனுங்க பாக்கெட் பூரா இந்தக் கொட்டைதான். எங்க மரத்துது, நானே வறுத்தது." அவள் குரல் இப்போது கம்மலாகக்கூட இல்லை, வெறும் மூச்சாக இருந்தது. "அன்னிக்கே தட்டிச்சு. நான் கேட்டேன். இவ ராத்திரி மூணு தடவை எந்திரிச்சு ஓடினா. கண்ணெல்லாம் உள்ள போயிருந்துச்சு. நான்தான் சொன்னேன். 'மெஷின்ல துணி இருந்தா எந்திரிக்காதடி, அது மெஷின்தான், அம்மா இல்ல. நான் சொல்றேன், பேசாம தூங்கு'ன்னு."

குல்சனம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றாள் மஸ்தூரா. "அம்மா செத்த அன்னிக்கு, இவ 'மெஷின்னு நெனச்சேன்'னு சொன்னதும் அது என் குரல்லயே எனக்குக் கேட்டுச்சு. மெஷின் தட்டவே தட்டாதுன்னு ஆயிட்டா, நான் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டேன்ல? அதான் போட்டேன். தட்டக்கூடாது தட்டக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டே போட்டேன்." அவள் முகர்ரமின் பாவாடை நுனியைப் பிடித்தாள். "அக்கா, நீங்க எல்லாத்தையும் கண்டுபிடிக்கறவங்க. அன்னிக்கு அம்மாவும் தட்டினாங்களா? ஒரு தடவையாவது?"

முகர்ரமுக்கு இல்லை என்று சொல்ல ஆசையாக இருந்தது. சுலபமான சொல். இரண்டு பேருமே அதைக் கேட்கத்தான் நின்றார்கள்.

"மெஷின் தட்டினது நிச்சயம். அம்மா தட்டினாங்களான்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரிய வழியில்ல. அந்தக் குழாயில ரெண்டும் ஒண்ணுதான்."

 மெஷினின் பொந்திலிருந்து கடைசித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பூட்டு எப்போதோ விட்டிருந்தது. முகர்ரம் கைப்பிடியை இழுத்ததும் கதவு தானாகத் திறந்து, அங்கியின் கை வெளியே விழுந்தது.

*

தெருவில் கார் நின்ற சத்தம் கேட்டது. கேட்டில் இடுப்பில் துணி கட்டி நின்ற ஆண்கள் ஓலமிட்டு அழ ஆரம்பித்தார்கள். வருகிறவனை அப்படித்தான் எதிர்கொள்ள வேண்டும். முற்றத்துப் பெண்களும் எழுந்து குரல் கொடுத்தார்கள். மூத்த மகளின் குரல்தான் முதலில் எழ வேண்டும். அது எழாததால் அந்த அழுகை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தடுமாறியது.

மஸ்தூரா எழுந்து போனாள். பின்பக்கம் முழுக்க ஈரம்.

ஜாயிர் கேட்டில் நின்றிருந்தான். சைபீரியாவின் தடித்த கோட்டு, ஷேவ் செய்யாத முகம். காலடியில் கயிறு கட்டிய பெட்டியைப் பார்த்து, புரியாமல் நிமிர்ந்தான். "அக்கா, இது யாரோடது? குல்சனம் எங்க?"

முகர்ரம் சலவை அறை வாசலில் நின்று பார்த்தாள். தோல்கின் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.  மஸ்தூரா நினைத்தால் இப்போதும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். மூடின கதவுக்குள் பேசினது மூடின கதவுக்குள்ளேயே இருந்துவிடலாம்.

மஸ்தூரா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜாயிர், அழறதுக்கு முன்னாடி கேளு. அன்னிக்கு ராத்திரி தட்டு கேட்டும் உன் பொண்டாட்டி எந்திரிக்கலன்னு ஊரே உங்கிட்ட சொல்லும். மூணு நாளா அத ஊருக்குச் சொன்னது நான்தான். எந்திரிக்க வேண்டாம்னு அவகிட்ட சொன்னதும் நான்தான். பெட்டிய கட்டினதும் நான்தான். என்னத் திட்டணும்னா திட்டு. அவள ஒண்ணும் கேக்காத."

அழுகை நின்றது. தெருவில் நின்றவர்கள்வரை நின்றது. ஜாயிர் அக்காவின் முகத்தையே பார்த்தான். பிறகு குனிந்து பெட்டியைத் தூக்கி, அது எங்கிருந்து வந்ததோ அந்த அறைப் பக்கம் நடந்தான்.

குல்சனம் பையனை முகர்ரமின் கையில் கொடுத்துவிட்டு, அங்கியை இரண்டு கைகளாலும் அள்ளிக்கொண்டு சலவை அறையிலிருந்து வெளியே வந்திருந்தாள். வெல்வெட் தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனத்தது. தரையில் வைக்கவும் முடியாமல், சுமக்கவும் முடியாமல், மார்பு நனைய நின்றாள். துவைக்க வந்த பெண்கள் யார் போய்ப் பிடிப்பது என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

மஸ்தூரா திரும்பி வந்து ஒரு நுனியைப் பற்றினாள்.

"நீ அந்தக் கைய இறுக்கிப் பிடி. நான் இந்தப் பக்கம் முறுக்கறேன், நீ அந்தப் பக்கம் முறுக்கு" என்றாள். "விட்டுறாத."